நடுவில் நின்ற கோடு

டாக்ஸி அக்காவின் வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டர் கண்ணாடியின் ஒரு மூலையில், சின்னதாக ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மெக்கானிக் அதை நகத்தால் கீறி எடுத்தான். அடியில் எஞ்சின் கோளாறு விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"கண்ண உறுத்திக்கிட்டே இருந்துச்சு தம்பி. நீயும் ரெண்டு தடவ அணைச்சு விட்ட, அது திரும்பத் திரும்ப முழிச்சுக்குது. அதான் பூ வச்சு மூடிட்டேன்" என்றாள் அக்கா.

அவன் சிரித்தான். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். சொந்தமாக ஒரே ஒரு கார் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை தானே ஓட்டுகிறவள். வண்டி இப்போது பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிறது என்றும், பின்சீட்டில் உட்காருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள் என்றும் சொன்னாள். அவன் குனிந்து சைலன்சர் வாயில் விரலை விட்டு எடுத்தான். விரல் நுனியெல்லாம் கரி.

ஸ்கேனரைச் செருகி எஞ்சினை ஓடவிட்டான். புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் அளவு திரையில் ஒரு கோடாக ஓடியது. போன மாதமும் இதே கோட்டைத்தான் பார்த்திருந்தான். மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் சரியாக நடுவில், பாயின்ட் நாலு அஞ்சு வோல்ட்டில், கீறிவிட்டதுபோல் நேராக நின்றது. கார்புரேட்டர் காலத்தில் தொழில் படித்தவன் அவன். ஸ்கேனர் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை, இதைவிட நல்ல நிலை என்ன இருக்க முடியும் என்று அன்று நினைத்துக்கொண்டான். விளக்கை மட்டும் அணைத்து அனுப்பிவிட்டான்.

இன்று மனம் ஒப்பவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்குப் போன் செய்து கேட்டான்.

"நேரா நிக்குதா? அது செத்துப் போச்சுண்ணே" என்றார் அவர். பிறகு பொறுமையாக விளக்கினார். அந்த சென்சாருக்கு ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் இருக்கிற ஆக்சிஜனை அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் கோடு இறங்கும், குறைந்தால் ஏறும். அதைப் பார்த்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். உயிரோடு இருக்கிற சென்சாரின் கோடு ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

"ஆடிக்கிட்டே இருந்தாத்தான் நல்லா இருக்குன்னு அர்த்தம். அமைதியா நிக்குதுன்னு நம்பிடாதீங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவன் திரையையே பார்த்தபடி நின்றான். மாடியில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

பட்டறைக்கு மேலேதான் வீடு. அவன் மனைவி கார்களுக்கு சீட் கவர் தைப்பாள். முன்பெல்லாம் அந்தச் சத்தத்தை வைத்தே அவள் மனநிலையைச் சொல்லிவிடலாம். கோபமாக இருந்தால் மிஷின் பறக்கும். பாட்டு முணுமுணுத்தால் நின்று நின்று ஓடும். நடுவில் நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே அவனைக் கிண்டல் செய்வாள். எட்டு மாதமாக அது ஒரே சீராக ஓடுகிறது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, அரைமணி நேரம் இருந்து, போய்விட்டது. மயக்க மருந்தில் கிடந்த மனைவி கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையைக் கையில் வாங்கியவன் அவன் மட்டும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து இருவரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தது டாக்ஸி அக்காதான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக்கை மெல்ல மிதித்து, மடியில் குழந்தை இருக்கிற வண்டியை எப்படி ஓட்டுவார்களோ அப்படியே ஓட்டினாள்.

அதற்குப் பிறகு மனைவி அழுதாள். சமைக்கும்போது அழுதாள், துணி மடிக்கும்போது அழுதாள். பதினேழாம் நாள் காலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா. எனக்காகவாவது நிறுத்து" என்று கெஞ்சினான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றோடு நின்றது. வேளைக்குச் சாப்பாடு வந்தது. கேட்டதற்குப் பதில் வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் தேறிவிட்டாள் என்றார்கள். அவனும் தினமும் குளித்துவிட்டு வந்து கைகூப்பும்போது, அவளைத் தேற்றியதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னான். நல்ல எண்ணத்தோடு செய்த தவறு நம் கண்ணுக்குத் தவறாகத் தெரிய வெகுநாள் ஆகிறது.

புது சென்சார் பதினோரு மணிக்கு வந்தது. பழையதைக் கழற்றக் குழாய் சூடாக இருக்கும்போதே முறுக்க வேண்டியிருந்தது. புறங்கையில் சுட்டுக்கொண்டான். அக்கா தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் கைமேல் ஊற்றினாள்.

"மூஞ்சி ஏன் தம்பி இப்படி இருக்கு? கை எரியிறதுக்கா?"

அவன் மாடியைப் பார்த்தான். அக்காவும் பார்த்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சென்சார் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும், கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னான்.

"ஓட்டிப் பாரு. அவளையும் கூட்டிக்கிட்டுப் போ. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்க" என்றாள் அக்கா. பிறகு அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "இன்னிக்கு நான்தான் மெக்கானிக். எவன் வந்தாலும் ஒரு பூ ஒட்டி அனுப்பிடுறேன்."

ஸ்கேனரைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மனைவியைக் கூப்பிட்டான். அவள் "சரிங்க" என்று இறங்கி வந்தாள். எந்த வண்டி என்று பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பின்சீட்டில் அவளே தைத்த நீலக் கவர். அன்று அவள் உட்கார்ந்து வந்த இடம். அங்கே பார்க்காமல் முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். அவன் ஸ்கேனரை அவள் மடியில் வைத்தான்.

கடைத்தெருவைத் தாண்டி, பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டி, புறவழிச் சாலைக்கு வந்தார்கள். கோடு முதலில் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் தரையோடு கிடந்தது. பிறகு மெல்ல எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது.

"என்னங்க இது, நிக்கவே மாட்டேங்குது. கெட்டுப் போச்சா?"

"இல்லம்மா. அப்படித்தான் இருக்கணும்."

"இவ்வளவு ஏறி இறங்குதே."

"ஏறி இறங்கினாத்தான் உயிரோட இருக்குன்னு அர்த்தம். நின்னு போறதுதான் கோளாறு. எனக்குத்தான் தெரியல. நல்லா இருக்குன்னு நெனச்சுட்டேன்."

அவன் சாலையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே லாரி ஒன்று வந்து போயிற்று. அப்புறம் வெகுநேரம் எதுவும் வரவில்லை.

"நான் உன்ன நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

அவள் விரல் திரையில் அந்தக் கோட்டின்மேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. பிறகு, எட்டு மாதம் உள்ளேயே வைத்திருந்ததை, கடையில் என்ன வாங்கவேண்டும் என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"அவ யார் மாதிரிங்க இருந்தா?"

அவன் வண்டியைச் சாலை ஓரமாக இறக்கி நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த கையைப் பார்த்தான். அன்று அந்தக் கையில்தான் மகள் இருந்தாள். ஒரு ஸ்பானர் பெட்டியின் எடைகூட இல்லை.

"முடி நிறைய இருந்துச்சு" என்றான். "நெத்தி வரைக்கும். உன்னோட மாதிரியே சுருட்டை. காது என்னோடது. என் விரல ஒரு தடவ புடிச்சா."

"புடிச்சாளா?"

"ம். இறுக்கி."

அவள் உடம்பு முன்னால் மடிந்தது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. போதும் என்று சொல்ல அவன் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டான். சூடுபட்ட கையை அவள் முதுகில் வைத்தான்.

ஸ்கேனர் அவள் மடியிலேயே இருந்தது. கண்ணாடித் திரையில் ஒரு துளி விழுந்தது, பிறகு இன்னொன்று. இருவரும் துடைக்கவில்லை. துளிகளுக்கு அடியில் அந்தக் கோடு பெரிதாகத் தெரிந்தது. ஏறியது, இறங்கியது, ஏறியது.