ஒரே ஒரு பெயர்

முன்பல் இரண்டும் கட்டிவிட்டால் இவள் எப்படிச் சிரிப்பாள்? பழையபடி தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டா? இல்லை, வாயைப் பொத்தியே பழகிவிட்டதால் பல் வந்த பிறகும் பொத்திக்கொண்டுதானா?

படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி இதையே நினைத்துக்கொண்டிருந்தாள் அவள். எதிரே மற்ற இரண்டு முனைகளோடு நாத்தனார். விடுதிகளுக்குத் துணி வெளுத்துத் தரும் அந்தச் சலவைக்கூடத்தில் மடிப்பு வேலை இவர்கள் இருவருக்கும். உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஈரத் தரையில் வழுக்கி விழுந்து பல் போனதிலிருந்து நாத்தனார் வேலை நேரத்தில் சிரிப்பதில்லை. கை இரண்டும் விரிப்பில் இருக்கும்போது வாயைப் பொத்த மூன்றாவது கைக்கு எங்கே போவது? உதட்டை இறுக்கி, கண்ணாலேயே சிரித்து முடித்துக்கொள்வாள்.

போன வாரம் முதலாளியம்மா, கூடத்திலேயே மூத்தவள் என்று அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். "இந்த வருஷம் லாபம் நல்லா வந்திருக்கு. உங்கள்ல யாருக்கு ரொம்பக் கஷ்டமோ, ஒருத்தர் பேரைச் சொல்லு. என்ன வேணுமோ முழுசா செஞ்சு தரேன்." மனதாரத்தான் சொன்னார்.

அதை நாத்தனாரிடம் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. மறுநாளே கூடம் முழுக்கத் தெரிந்துபோனது.

இயந்திரத்தில் துணி போடும் பாட்டுக்காரி பாட்டை நிறுத்தினாள். கம்மலைக் கழற்றிவிட்டு வெறும் காதோடு வந்து, மகள் படிப்பு பாதியில் நின்றுவிடும் என்று மூத்தவளின் காதுபடச் சொன்னாள். மனைவிக்கு மூச்சு வாங்குவதைப் பற்றி யாரிடமும் வாய்திறக்காத இஸ்திரிக்காரர், இப்போது போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மூச்சு வாங்கிக் காட்டினார். வெளியே தெரியாமல் காலம் தள்ளியவர்கள் இப்படிக் கடைபரப்பிவிட்டார்களே என்று அவள் வருந்தினாள்.

"பாட்டுக்காரிக்கு என்ன குறைச்சல் அண்ணி?" என்றாள் நாத்தனார், விரிப்பை உதறியபடி. "வீட்ல ரெண்டு பேர் சம்பாதிக்கிறாங்க. கம்மலைக் கழட்டிட்டா ஏழையாயிடுவாளா?"

"நீ விழுந்தப்ப ஓடி வந்து ரத்தம் தொடைச்சவ அவதான்டி."

"அது வேற, இது வேற." நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "என் பேரைத்தானே சொல்லுவீங்க?"

அவள் தன் முனைகளை இழுத்துப் பிடித்தாள். நடந்து வந்து சேர்த்தார்கள். முனை சேரவில்லை, ஒரு பக்கம் நீண்டு தொங்கியது. மறுபடி உதறினார்கள். மறுபடியும் கோணல்.

"கண்ணு எங்கடி இருக்கு?"

"உங்களுக்கு எங்க இருக்கோ, அங்கதான்!"

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் சட்டென்று விரிப்பைக் கீழே விட்டுவிட்டு வாயை மூடினாள். வெளுத்த துணி தரையில் கிடந்தது. அவள் குனிந்து எடுத்தாள்.

மதியம் முதலாளியம்மா கூப்பிட்டு, அவள் முன்னால் தேநீரை வைத்தார். "யோசிச்சியா?"

நாத்தனாரின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் பல் கட்டிவிடலாம். ஆனால் பாட்டுக்காரி அந்தக் கம்மலை இனி எந்த முகத்தோடு மாட்டிக்கொள்வாள்? இஸ்திரிக்காரர், ஊரறியச் சொன்னதை எப்படித் திரும்ப மூடிக்கொள்வார்?

"அந்தப் பணத்தை எல்லார் சம்பளத்துலயும் சேத்துப் போட முடியாதாம்மா?"

"பிரிச்சா ஆளுக்குக் கொஞ்சம்தானே வரும்? யாருக்கும் உருப்படியா ஒண்ணும் ஆகாதே."

"கொஞ்சம்னாலும் மாசாமாசம் வந்தா ஆகும்மா. பல்லு, படிப்பு, மருந்து... அவங்கவங்களே பாத்துப்பாங்க. யார்கிட்டயும் திறந்து காட்ட வேண்டியதில்லை."

முதலாளியம்மா சன்னலைப் பார்த்தார். "அதெல்லாம் யோசிச்சுத்தான் சொல்லணும். இப்போதைக்கு ஒரு பேர் சொல்லேன். உன் நாத்தனார் பேரையே சொல்லு, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாத்தனார் அடுத்த விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி காத்து நின்றாள். மற்ற இரண்டும் மேசைமேல் கிடந்தன.

அவள் கோப்பையை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"பேர் மட்டும் என்கிட்ட கேக்காதீங்கம்மா."