டிரிப்பர் விழுந்த திங்கட்கிழமை

அகிலாவுக்கு இடுப்பு கழன்று விழுவது போல வலித்தது. நேற்று மத்தியானத்திலிருந்து பிணவறை வாசலில் நின்றே கழித்திருந்தாள். இப்போது சாத்தாம் துறையிலிருந்து வண்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய படகில், ஆம்புலன்ஸின் தகர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். படகு ஆடும்போதெல்லாம் ஸ்ட்ரெச்சர் நகர்ந்து வந்து அவள் முழங்காலில் இடித்தது. துணிக்குள்ளே சந்திரமோகனின் கால். பதினெட்டு வருஷம் கூடப் படுத்த புருஷனின் கால். அவள் அதைத் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

எதிரே காதர் பாய். சந்திரமோகன் மண்வெட்டி பிடித்த அதே கட்டட சைட்டில் கொத்தனார். வண்டியில் ஏறியதிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன பாய் ஆச்சு? நீங்களாவது சொல்லுங்க."

"கான்கிரீட் மிக்சர் மிஷினக் கழுவப் போனான் தங்கச்சி. மழை பேஞ்சு தரையெல்லாம் ஈரம். கைய வெச்சான். அவ்வளவுதான்."

"கான்ட்ராக்டர் ஜெகநாதன் வேற மாதிரி சொல்றாராமே. இவரு கரண்டு போர்டப் பிரிச்சு நோண்டினாராம்."

காதர் பாய் கால் நகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினார்.

அக்கரையில், பாம்பூஃப்ளாட் வீட்டில் ஐஸ் பெட்டிக்காரன் பிளக்கைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து யோசித்தான். "எர்த் இருக்கா இதுல? சில வீட்ல பெட்டி ஷாக் அடிக்குது."

"இருக்கு. அவரே போட்டது."

வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டிப் போட்டது. "குழம்பா வைக்கிற?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள்.

எல்லாம் ஒரு எமர்ஜென்சி விளக்கில் ஆரம்பித்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அது செத்தபோது ரிப்பேர் கடைக்காரன் திறந்துகூடப் பார்க்காமல், "புதுசு வாங்கிக்க" என்றான். சந்திரமோகனுக்கு அது பொறுக்கவில்லை. எட்டாவதோடு நின்ற ஆள். போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டான். நெட் நின்று நின்று வரும். ஒரு வீடியோவை முழுசாகப் பார்க்க ஒரு ராத்திரி ஆகும். சால்டரிங் அயர்னைத் தப்பான முனையில் பிடித்து விரல் வெந்தது. கண்டன்சரைத் தலைகீழாக மாட்டி, அது வெடித்து, மீன் குழம்பில் போய் விழுந்தது. மெயின்லேண்டிலிருந்து தபாலில் இருபது நாள் கழித்து வரும் ரெசிஸ்டர்களைக் கையில் கொட்டி, அவற்றின் கலர் கோடுகளை எண்ணிக்கொண்டிருப்பான்.

"வளையல் போட்ட அரிசி மாதிரி இருக்கு. வேகவெச்சுத் தரவா, திங்கிறியா?" என்பாள். சிரிப்பான். அந்த விளக்கு மூணாம் மாசம் எரிந்தது. அப்புறம் தெருவில் செத்த விளக்கெல்லாம் இவன் வீட்டுக்கு வந்தது. அவள்தான் அவனுக்கு யூடியூப் இஞ்சினியர் என்று பேர் வைத்தாள்.

மூணு மணிக்கு கான்ட்ராக்டர் ஜெகநாதன் வந்தார். மாலையைப் பெட்டிமேல் வைத்தார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"க்யா கரேகா அகிலா, என்ன பண்றது, நடந்தது நடந்துபோச்சு. காரியத்துக்கு நான் ஆச்சு. இதுல மட்டும் ஒரு சைன் போட்டுடு. சும்மா ஃபார்மாலிட்டி."

காகிதம் ஹிந்தியில் இருந்தது. அவள் இந்தத் தீவிலேயே பள்ளிக்கூடத்தில் ஹிந்தி படித்தவள். விரலை வைத்து வரிவரியாகப் படித்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி தமிழில் சொன்னாள்: "வேணாம்னு சொல்லியும் கேக்காம, அவரா கரண்டுல கைய வெச்சாருன்னு எழுதியிருக்கு."

"அரே, அவனுக்கு அது ஒரு கிறுக்குன்னு ஊருக்கே தெரியுமே. யூடியூப் இஞ்சினியர்னு நீயே சொல்வியே."

"நான் சொல்லுவேன். என் புருஷன். நீங்க சொல்லாதீங்க."

ஜெகநாதன் பேனாவை நீட்டியபடியே நின்றார். அகிலா காதர் பாய் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழமை என்ன நடந்துச்சு பாய்? அரைக் கூலியோட வந்தாரு. கேட்டா, போர்டுல கை வெச்சேன்னு மட்டும் சொன்னாரு."

காதர் பாய் தொண்டையைச் செருமினார். "மிக்சர் பாடில கரண்டு ஒழுகுதுன்னு ஒரு மாசமா கரண்டு அளக்கிற மீட்டர வெச்சுக் காட்டினான். ஷாக் அடிச்சா லைன நிறுத்துற டிரிப்பர் ஒண்ணு இருக்கும் போர்டுல. மழைக்கு அது ஆஃப் ஆகி விழுந்துக்கிட்டே இருக்குன்னு அதத் தாண்டி வயர நேரா போட்டிருந்தோம். திங்கக்கிழமை அவன் அதத் திரும்ப மாட்டினான். ஆறு தடவ விழுந்துச்சு. காம் பந்த், வேலை நின்னுபோச்சு. எல்லாருக்கும் அரைக் கூலி. அத்தன பேரும் அவன வாயில வந்தபடி திட்டினோம். நானுந்தான். 'அது விழுதுன்னா கெட்டுப்போகல பாய், அதுதான் ஒழுங்கா வேலை பாக்குது'ன்னான்."

"அப்புறம்?"

"சார் திரும்ப நேரா போடச் சொன்னாரு. போட்டேன்."

"பாய்," என்றார் ஜெகநாதன். "யோசிச்சுப் பேசு. போட்டது யார் கை?"

"என் கைதான் சார். நீங்க சொல்லித்தான்."

"இங்க சொல்லிட்ட. நாளைக்கு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதித் தரச் சொல்லுவான். சொன்னா மொதல்ல உள்ள போறது நீ. உன் மூணு பொண்ணுங்கள நெனச்சுக்க."

காதர் பாய் சுவரில் சாய்ந்தார். அகிலாவிடம் மட்டும் சொல்வது போலச் சொன்னார்: "நேத்து மீட்டர் இல்லாம வந்தான் தங்கச்சி. தினமும் காலைல மீட்டரால மிஷினத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பான். எங்கடா மீட்டர்னேன். வீட்ல எங்கயோ ஒளிஞ்சுக்கிச்சுன்னு சிரிச்சான்."

அகிலா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். திங்கட்கிழமை ராத்திரி, அரைக் கூலிக் கோபத்தில், அந்த மீட்டரை அரிசி டின்னுக்குள் புதைத்தது அவள்தான். 'நாளைலேர்ந்து கை மண்வெட்டியில மட்டும் இருக்கட்டும்' என்று சொன்னதும் அவள்தான். டின் அடுப்படியில் அப்படியே இருந்தது.

காகிதத்தை ரெண்டாக மடித்து ஜெகநாதனின் சட்டைப் பையில் செருகினாள்.

"கெளம்புங்க."

"அகிலா, நான் நல்லதுக்குத்தான்..."

"மாலைய எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

அவர் மாலையை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ருக்கு அதை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள்.

நாலரைக்கு ஹேவ்லாக் படகில் சந்திரமோகனின் தம்பி குணா வந்து சேர்ந்தான். ரிசார்ட் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. அண்ணன் காலடியில் விழுந்து அழுதான். மழை வரும்போல் இருந்ததால் ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். பாடையைத் தூக்க நாலு பேர் வேண்டும். ஒரு தோள் குறைந்தது. காதர் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார்.

அகிலா வாசலை மறித்து நின்றாள். எல்லாரும் நின்றார்கள். காதர் பாய் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"தூக்குங்க பாய். தூக்கிட்டா தீந்துச்சுன்னு நெனச்சிடாதீங்க."

விலகி வழிவிட்டாள். ஈரச் சரிவில் வெறுங்காலை ஊன்றி ஊன்றி அவர் இறங்கினார். பாடை அவர் பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. ஸ்டேஷனில் அவர் சொல்ல வேண்டிய சாட்சி இன்னும் பாக்கி.