முப்பத்தோராம் நாள்

ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். முதலில் காலர், பிறகு கைகள். சவரம் செய்தான். மனைவியின் உடலை ஒன்பது மணிக்குத் தருவதாக மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

ஏழு மணிக்கு ஸ்கேல் வந்தார். சாலைப் பாதுகாப்புப் பிரிவில் இவனுக்கு அடுத்த மேசை. கோடு கொஞ்சம் கோணினாலும் அன்றைக்குத் தூங்கமாட்டார் என்பதால் அந்தப் பெயர். கூடத்தில் மாமனார் இருந்ததால் கையிலிருந்த படிவத்தை நீட்டத் தயங்கினார்.

"சிக்னல் பட்டியல் பத்து மணிக்கு மேலிடத்துக்குப் போயிடும்பா. கேக்கற நேரமில்லதான்."

ஓரிடத்தில் மூன்று வருடத்தில் ஐந்து பேர் இறந்தால்தான் சிக்னல். இந்த வீட்டு வாசலுக்கு எதிரே உள்ள சாலையில் இதுவரை நான்கு பேர். அடிபட்டு முப்பது நாளுக்குள் இறந்தால்தான் சாலைச் சாவு. அந்த வரியைப் படிவத்தில் சேர்த்தவனே இவன்தான். அதே இடத்தில் அடிபட்ட அவள் நேற்று மதியம் இறந்தாள். முப்பத்தோராம் நாள்.

நாடு வளரும்போது சாலைச் சாவு முதலில் ஏறும், பிறகு இறங்கும் என்று ஒருமுறை அவளுக்கு வரைந்து காட்டியிருந்தான். "இறங்கற வரைக்கும் சாகப்போறது யார் யாருன்னு உங்க ஆபீஸ்ல லிஸ்ட் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

"ஒரு நாள்தானே, முந்தாநாள்னு போட்டுடு. யாரு வந்து எண்ணப் போறா?" என்றார் ஸ்கேல்.

மாமனார் விவரம் கேட்டார். சொன்னான்.

"போட்டா சிக்னல் வந்துடுமா?"

"வந்துடும்."

"போடலன்னா?"

"இன்னொருத்தர் சாகணும்."

"அப்ப போடுங்க மாப்ள." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நேத்து காலைல அவ கையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். சூடா இருந்துச்சு. அதுக்கு முந்தின நாளே போயிட்டான்னு எழுதணும், இல்ல?"

அவன் முந்தாநாள் தேதியை எழுதினான்.

அடுத்த கட்டம்: சாலையைக் கடந்த காரணம்.

பேனா நின்றது.

"தெரியவில்லைன்னு எழுதிடுப்பா, எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க," என்றார் ஸ்கேல்.

அவனுக்குத் தெரியும். அன்று சாலையின் எதிர்ப்பக்கம், போனில் அவளிடம் பேசிக்கொண்டு, அவளைப் பார்த்தபடி நின்றிருந்தான். கால் மணி நேரமாக வண்டிகள் கடக்க விடவில்லை. நேரமாகிறது என்று இரண்டு முறை சொல்லிவிட்டான்.

"சரி, நீங்க அங்கேயே நில்லுங்க," என்றாள். "நான் வந்துடறேன்."