புட்டுவின் சாதகம்

லண்டனில் வாடகைக்கு வீடு தேடுகிறவன் பாவி. நாயோடு தேடுகிறவன் அதைவிடப் பெரிய பாவி. போன பிறப்பில் நாலைந்து கோயில்களையாவது இடித்திருக்க வேண்டும். லெஸ்லி கத்தோலிக்கன், போன பிறப்பில் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த மாதம் அவன் பட்ட பாட்டுக்கு வேறு விளக்கம் எதுவும் அகப்படவில்லை.

வால்தம்ஸ்டோவில் அவனும் மனைவி டிலக்சனாவும் குடியிருந்த ஃபிளாட்டை உரிமையாளர் விற்கப்போகிறார். மாத முடிவுக்குள் வெளியேற வேண்டும். இருவருக்கும் நல்ல வேலை, சிகரெட் இல்லை, குடி இல்லை, பக்கத்து வீட்டோடு சண்டை இல்லை. ஏஜென்சிக்காரர்கள் போனில் தேனாக ஒழுகுவார்கள். கடைசியில் லெஸ்லி தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நாயும் இருக்கிறது என்பான். அத்தோடு தேன் வற்றிவிடும்.

ஒருவர் தங்கமீன் என்றால் யோசிக்கலாம் என்றார். இன்னொருவர் நாயின் படத்தை அனுப்பச் சொன்னார், எவ்வளவு அழகு என்று வாயாரப் புகழ்ந்தார், அதன்பிறகு போனையே எடுக்கவில்லை. மூன்றாவது வீட்டை நேரில் பார்க்கப் போனபோது சமையலறையில் ஒரு எலி குடியிருப்பு உரிமையோடு குறுக்கே நடந்து போனது. செல்லப்பிராணிகளுக்கு இங்கே அனுமதி இல்லை என்று ஏஜெண்ட் அதே சமையலறையில் நின்றபடி சொன்னான். சட்டம் இப்போது நாய்க்காரர் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வேலையிடத்தில் ஆறுதல் சொன்னார்கள். அந்தச் சட்டம் உள்ளே குடியிருக்கிறவனுக்கு. வாசலில் நிற்கிறவனை அது திரும்பியும் பார்க்காது.

இத்தனைக்கும் புட்டு ஓர் அப்பாவி. ஓட்டப்பந்தய நாய். ஒரு பந்தயத்திலும் வெல்லாததால் இளம் வயதிலேயே ஓய்வு கொடுத்து விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். குழலில் இருந்து தள்ளிவிட்ட புட்டு மாதிரி வெள்ளையாக, நீளமாகச் சோபாவில் கிடந்ததால் டிலக்சனா அந்தப் பெயரை வைத்தாள். அது குரைப்பதில்லை. குரைப்பதென்றால் எழும்ப வேண்டுமே.

வீடு கிடைக்காவிட்டால் புட்டுவைக் காப்பகத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று லெஸ்லி ஒருநாள் சொல்லிவிட்டான். டிலக்சனா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். புட்டு எழுந்துபோய் அந்தக் கதவடியில் படுத்தது. தானாக எழும்பாத நாய் எழும்பிப் போனதை லெஸ்லி பார்த்தான். என்ன கூத்து ஆடியாவது நாயோடு ஒரு வீடு பிடிப்பது என்று அன்றைக்கு முடிவெடுத்தான்.

இல்ஃபோர்டில் மரக்கறிக் கடைக்காரர் ஒரு தொலைபேசி இலக்கம் கொடுத்தார். அம்பலவாணன் என்பவர், அருகருகே இரண்டு வீடுகள் வைத்திருக்கிறார், ஒன்றில் குடும்பம், மற்றது காலி. லெஸ்லி இம்முறை நாயை முதலிலேயே சொல்லிவிட்டான்.

"அதுவும் ஒரு சீவன்தானே தம்பி," என்றார் அம்பலவாணன். லெஸ்லிக்குக் கண் கலங்கியது. "எனக்கு ஒண்டும் இல்லை. மனுசியைத்தான் கேக்கோணும்."

மூவரும் போனபோது கதவைத் திறந்த அவருடைய மனைவி கனகாம்பிகை முதலில் புட்டுவைத்தான் பார்த்தார். "ஏன் பிள்ளை, இதுக்குச் சாப்பாடு போடுறேல்லையோ?"

"போடுறம் அன்ரி. உடம்பு வாகே அப்பிடித்தான்," என்றாள் டிலக்சனா.

"என்ன சாதி?"

யாழ்ப்பாணத்து வீடுகளில் வழக்கமாக மனிதரைப் பற்றிச் சுற்றிவளைத்துக் கேட்கப்படும் கேள்வி, இங்கே நாயைப் பற்றி நேராகவே கேட்கப்பட்டதில் லெஸ்லிக்கு ஒரு நிம்மதி. கிரேஹவுண்ட் என்றான். அயர்லாந்தில் பிறந்தது, தாயும் தகப்பனும் ஓட்டக்காரர் என்பதையும் சேர்த்துச் சொன்னான். குடும்பம் பரவாயில்லை என்பதுபோல் கனகாம்பிகை தலையாட்டினார். பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினார். நல்ல வீடு. பின்னால் புல்தரை, முன் அறையில் பெரிய சோபா. புட்டு யாரையும் கேட்காமல் அதில் ஏறிப் படுத்தது.

"சாதகத்தைக் கொண்டு வாங்கோ. பாப்பம்," என்றார் கனகாம்பிகை.

"நாங்கள் வேதக்காரர் அன்ரி," என்றான் லெஸ்லி.

"அது தெரியும். உங்களிட்டை நான் கேக்கேல்லை. நாய்க்கு என்ன சமயம்?"

லெஸ்லி இதைப் பற்றி யோசித்ததே இல்லை. "அதுக்குச் சமயம் ஒண்டும் இல்லை."

"அப்ப அதின்ர சாதகத்தைக் கொண்டு வாங்கோ. போன முறை பாக்காமல் ஒரு குடும்பத்தை விட்டம். புருசன் பெண்சாதி பிரிஞ்சுபோச்சினம். போகேக்கை வோஷிங் மெசினையும் கொண்டுபோயிட்டினம்."

அம்பலவாணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் அவர் பேசும் இடமும் பேசாத இடமும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

பந்தய நாய்க்குப் பிறந்த திகதி இருக்கும். பிறந்த நேரத்தை யார் குறித்துவைத்தார்கள்? அயர்லாந்துக் கொட்டிலில் தாய் நாய் மணிக்கூடு பார்த்துப் பெறவில்லை. ஆனால் லெஸ்லிக்கு ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனைகள் எல்லாம் அவனுக்கு மிகத் தெளிவாகவே வரும். மன்னாரில் இருக்கிற அவனுடைய அம்மா கல்யாணத்துக்கு முன்பு சைவம். தேவாலயப் பங்குச் சுவாமிக்குத் தெரியாமல் மகனுக்குச் சாதகம் எழுதுவித்து, அவன் வேலை இல்லாமல் இருந்த காலத்தில் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கட்டம் கட்டம்தானே, ஆருடையது என்று அதில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று லெஸ்லி நினைத்தான். பெயரையும் திகதியையும் விட்டுவிட்டுக் கட்டத்தை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் பார்த்தெழுதினான். ஏது என்று டிலக்சனா கேட்டபோது, ஆப்பில் எடுத்தது என்று கூசாமல் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூவரும் இல்ஃபோர்ட் போனார்கள். கனகாம்பிகை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை விரித்தார். புட்டு அவருடைய காலடியில் நித்திரை.

"விருச்சிக லக்கினம். இரண்டில சனி." அவர் உதட்டைப் பிதுக்கினார். "வாக்கில உண்மை குறைவு. கையில காசு நிக்காது. ஒரு வேலையைத் தொடங்கினால் பாதியில விட்டுட்டு அடுத்ததுக்குப் போகும்."

குளியலறையில் ஒரு பாதி மட்டும் பெயின்ட் பூசிய சுவர் டிலக்சனாவின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவள் மெல்லத் திரும்பி லெஸ்லியைப் பார்த்தாள்.

"சாப்பாட்டு ஆசை கூட. வெளியில சாது, வீட்டில அதிகாரம். ஒரு சொல்லை இரண்டு தரம் சொன்னால்தான் கேக்கும்."

"மூண்டு தரம் அன்ரி," என்றாள் டிலக்சனா. லெஸ்லி யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"ஆனா ஏழில வியாழன். நல்ல மனுசி வாய்க்கும். இது இவ்வளவு நாளும் தப்பிப் பிழைச்சு நிக்கிறது அந்தப் பிள்ளையாலதான்."

"நாய்க்கு மனுசியோ?" என்று அம்பலவாணன் கேட்டார். டிலக்சனாவின் முகம் மட்டும் மலர்ந்துபோயிருந்தது.

கனகாம்பிகை விரல்கோடுகளில் எதையோ எண்ணினார். மறுபடி எண்ணினார். "எத்தினை வயசெண்டு சொன்னனீங்கள்?"

"அஞ்சு," என்றான் லெஸ்லி.

"சனி தனுசில, வியாழன் இடபத்தில. எங்கட மகன் சயந்தன் பிறந்த நேரமெல்லோ இப்பிடி நிண்டது. இதுக்கு முப்பத்தேழு வயசு."

அம்பலவாணன் குனிந்து புட்டுவைக் கனநேரம் மரியாதையோடு பார்த்தார். "நல்லாப் பராமரிச்சிருக்கிறியள்," என்றார்.

ஆப் பிழை விட்டிருக்கும் என்று சொல்ல லெஸ்லி வாயெடுத்தான். அதற்குள் கனகாம்பிகை தாளை மடித்துவிட்டார். "வயசு என்னவோ இருக்கட்டும். நாலாம் இடம் வீடு. அதில இராகு குந்திக்கொண்டு இருக்கிறார். இந்தச் சீவனுக்கு நிலையான வீடு இல்லை. இதை உள்ள விட்டால் எங்கட வீட்டுக்கும் கூடாது. குறை நினைக்காதேங்கோ."

டிலக்சனா குனிந்து புட்டுவின் கழுத்துப்பட்டியைப் பிடித்தாள். அழவில்லை. லெஸ்லிக்கு அவமானமாக இருந்தது. வாழ்நாளில் ஒரு பொய்யும் சொல்லாத, சொல்லவும் தெரியாத ஒரு நாய், அவனுடைய இராகுவால் தெருவுக்குப் போகப்போகிறது.

"அன்ரி, அது புட்டுவின்ர கட்டம் இல்லை," என்றான். "என்ர."

கனகாம்பிகை கணவரைத் திரும்பிப் பார்த்தார். "வாக்கில உண்மை குறைவு எண்டு நான் சொன்னனானெல்லோ." கட்டம் பொய்க்கவில்லை என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

"நாயில ஒரு பிழையும் இல்லை அன்ரி. என்னிலதான். பிறந்த நேரம் தெரியேல்லை, அதுதான் இப்பிடிச் செய்தனான்."

"பிறந்த நேரம் தெரியாட்டி என்ன, கேள்வி வந்த நேரத்தை வைச்சுப் பாக்கலாமே."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே அன்ரி."

"நீர் முதலே கேக்கேல்லையே."

'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிட்டதை லெஸ்லி கவனித்தான். கனகாம்பிகை போனில் பஞ்சாங்கத்தைத் திறந்து, அவன் உண்மை சொன்ன நேரத்தை வைத்துப் புதுக் கட்டம் ஒன்று போட்டார். போடப்போட அவருடைய முகம் தெளிந்தது. அருமையான சாதகம், வீட்டுக்கு இலட்சுமி வருகிற மாதிரி என்றார். நாயும் இந்தப் பிள்ளையும் தாராளமாக வரலாம் என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு லெஸ்லியைப் பார்த்தார்.

"உம்மைப் பற்றித்தான் யோசிக்கோணும்."

லெஸ்லி சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"சத்தம் போடுவாரோ?" என்று அம்பலவாணன் டிலக்சனாவிடம் கேட்டார்.

"இல்லை அங்கிள். சரியான அமைதி."

"தனிய விட்டுட்டுப் போகலாமோ?"

"விடலாம். அடுப்படியில மட்டும் விடேலாது. சட்டியை வைச்சுட்டு மறந்திடுவார்."

"தளபாடங்களை நாசமாக்குவாரோ?"

"பெட்டியில வாற கதிரை மேசையைப் பூட்டத் தொடங்கினால்தான் நாசம்." சொல்லிவிட்டு டிலக்சனா கொஞ்சம் நிறுத்தினாள். "அன்ரி, இவர் பொய் சொன்னது பிழை. ஆனா புட்டுவுக்காகச் சொன்னவர், பிறகு புட்டுவுக்காகத்தான் உண்மையையும் சொன்னவர். இவர் இல்லாட்டி எனக்கு அந்த வீடு வேண்டாம்."

லெஸ்லிக்கு அங்கேயே அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. நன்னடத்தைச் சோதனை நடந்துகொண்டிருந்ததால் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

கனகாம்பிகை கண்ணாடியை மறுபடி போட்டு டிலக்சனாவை ஒருதரம் பார்த்தார். பிறகு சாவி வளையத்தில் இருந்து வீட்டுத் திறப்பைக் கழற்றி டிலக்சனாவின் கையில் வைத்தார். "பாத்துக்கொள்ளும் பிள்ளை. ஏதும் பிரச்சினை எண்டால் நீர்தான் பொறுப்பு." அவர் நாயைச் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை, தூறல் மழையில், வாடகை வான் வண்டியில் சாமான்கள் வந்து இறங்கின. பழைய ஃபிளாட்டின் திறப்பை வரும் வழியிலேயே ஒப்படைத்தாயிற்று. கனகாம்பிகை வாசலில் ஆலாத்தித் தட்டோடு காத்திருந்தார். வலது காலை வைத்து உள்ளே வரவேண்டும். புட்டுவுக்கு வலது கால் இரண்டு என்பதால் முன்னதை வைத்தால் போதும் என்று தீர்ப்பானது. புட்டு முன் வலது காலை வைத்தது, நேராகப் போய்ச் சோபாவில் ஏறியது. பின்னால் டிலக்சனா போனாள். மூன்றாவதாக லெஸ்லி ஒரு பெட்டியோடு படியில் ஏறினான்.

"தம்பி, நீர் நில்லும்," என்றார் கனகாம்பிகை. "இண்டைக்கு உமக்குச் சந்திராஷ்டமம்."

"அப்பிடியெண்டால்?"

"உம்மட ராசிக்கு எட்டில சந்திரன். இண்டைக்குப் புது வீட்டில கால் வைக்கப்படாது. நாளைக்கு மத்தியானம் கழிய வாரும்."

"நாங்கள் மூண்டு பேரும் சேந்துதானே வந்தனாங்கள்?"

"அவைக்கு நல்ல நாள். உமக்குத்தான் கூடாது."

உதவிக்கு லெஸ்லி அம்பலவாணனைப் பார்த்தான். அவர் வானத்தைப் பார்த்தார். ஆக, சாமான்களை ஒவ்வொன்றாகப் படிவரை கொண்டுவந்து, காலை உள்ளே வைக்காமல், கையை மட்டும் நீட்டி நீட்டிக் கொடுத்தான். கடைசிப் பெட்டியும் போனதும் முன் மதிலில் குடையோடு உட்கார்ந்தான். யன்னலுக்குள்ளே கனகாம்பிகை புட்டுவின் கழுத்தில் கண்ணூறு படாமல் இருக்கக் கறுப்பு நூல் கட்டிக்கொண்டிருந்தார். புட்டு நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது.

டிலக்சனா யன்னலைத் திறந்து ஒரு கோப்பை தேத்தண்ணி நீட்டினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து அவளால் பேச முடியவில்லை. "இனி புட்டுவை ஒருத்தரும் திருப்பி அனுப்பேலாது," என்றாள் கடைசியில். அந்த முகத்தைப் பார்த்தபிறகு மழையும் சந்திரனும் லெஸ்லிக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அன்றிரவு எங்கே படுப்பது என்பதுதான் பாக்கி. மோர்டனில் இருக்கும் நண்பன் சுஜீத்துக்குப் போன் எடுத்து, ஒரு இரவு தங்க இடம் வேண்டும் என்றான்.

"வா மச்சான், அதுக்கென்ன," என்றான் சுஜீத். பிறகு குரலைத் தாழ்த்தினான். "கோவிக்காதை, நாயை மட்டும் கொண்டு வராதை. எங்கட வீட்டுக்காரன் விடமாட்டான்."

லெஸ்லி யன்னலைப் பார்த்தான். "நாய்க்கு வீடு இருக்கடா," என்றான். "எனக்குத்தான் இல்லை."