உயிரோடிருக்கும் மகளுக்கு இரங்கற்பா

நார்வேக்காரக் கவிஞர் ஒருவருக்கு மகள் செத்துப்போனாள். பாவம், மனிதர் அழுது அழுது எழுதினார். அந்தப் புத்தகம் எங்கள் லெயோன் நகரத்துக்கு வந்ததுதான் தாமதம், நிகராகுவாக் கவிராயர்களின் மகள்களெல்லாம் வரிசையாகச் சாக ஆரம்பித்தார்கள். காகிதத்தில்தான். பிள்ளைகள் என்னவோ தெருவில் மாங்காய்க்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கோழிகூட நிழல் தேடுகிற வெயிலில், இந்த மகானுபாவர்கள் பனியில் சவப்பெட்டி சுமந்தார்கள்.

என் புருஷன் ஹெனாரோ மட்டும் சளைத்தவரா? எங்கள் ஏழு வயது ஒத்தீலியாவைப் பெயர் சொல்லியே கொன்றார். எழுதி முடித்த கையோடு அவளையே கூப்பிட்டு, குடிக்கச் சோளமாவுப் பினோல் கலக்கி வரச் சொன்னார்.

"நல்லா இருக்கிற புள்ளைய எதுக்குங்க சாகடிக்கிறீங்க?"

"உனக்கென்னடி தெரியும்? துக்கம் இல்லாம கவிதை வருமா? நார்வேக்காரரைப் படிச்சியா?"

"படிச்சேன். அவரு நெசமாவே பறிகொடுத்தாரு. உங்களுக்கு அஜீரணத்தைத் தவிர என்ன துக்கம்?"

அந்தக் கவிதைக்குத்தான் அந்த வருடம் முதல் பரிசு, தங்கப் பூ. நடுவர்கள் மனாகுவாக்காரர்கள், எங்கள் வீட்டு நிலவரம் தெரியாது.

"விழாவுக்கு அவளைக் கூட்டிட்டு வராத. காய்ச்சல்னு சொல்லிடு."

"செத்தவளுக்குக் காய்ச்சலா?"

அப்பா பூ வாங்குவதைப் பார்க்க வேண்டும் என்று அவள் அழுதாள். கூட்டிப்போனேன். மேடையில் அவர் வாசித்த கவிதையில் தன் பெயரைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் செத்துட்டேனா?"

"இல்லடி தங்கம். அப்பாகிட்டயே போய்க் கேளு."

அவர் வாயாலேயே அவளை மகள் என்று சொல்லட்டும் என்றுதான் அனுப்பினேன். அவள் போய் அவர் கோட்டைப் பிடித்து நின்றாள். பக்கத்தில் தலைமை நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு இந்தக் குழந்தை? அப்படியே உங்க ஜாடையா இருக்கே!"

எங்கள் வீட்டில் வந்து தின்றுவிட்டுப் போகிற கவிஞர் கூட்டம் முழுவதும் கூரையைப் பார்த்தது. ஹெனாரோ பூவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என் தம்பி மக. இவளைப் பார்த்துத்தான் மனசைத் தேத்திக்கிறேன்."

அவருக்குத் தம்பியே கிடையாது. நடுவர் மறுபடி கைக்குட்டையை எடுத்தார்.

ஒத்தீலியா அவர் கோட்டிலிருந்து கையை எடுத்தாள். அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"ரொம்ப நல்லா இருந்துச்சு, பெரியப்பா."

கெட்டிக்காரப் பிள்ளை, காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, ஹெனாரோ அவள் கன்னத்தைத் தட்டினார். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அவரை அப்படித்தான் கூப்பிட்டாள். மறுநாளும் அப்படித்தான்.