வாடகைக் கண்ணாடி

விடியும்போதே பட்டறை இரையத் தொடங்கிவிடும். நாமக்கல்லை ஒட்டி, லாரிகளுக்குப் பாடி கட்டும் தங்கசாமியின் பட்டறை அது. வெல்டிங் வைத்த இடங்களைக் கிரைண்டரால் தேய்த்து மட்டப்படுத்துவது சரிதாவின் வேலை. சேலைக்கு மேல் மாட்டிய பழைய சட்டையில் தீப்பொறி விழுந்து பொசுக்கும். இரும்புத் தூள் பல்லில் நறநறக்கும். முகத்தை ஒருக்களித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு தேய்ப்பாள். போன வாரம் கிரைண்டரின் கட்டிங் வீல் உடைந்து, கூட வேலை செய்யும் அங்கமுத்துவின் வலக்கண்ணில் தெறித்தது. இனிப் பார்வை வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அன்று தங்கசாமி அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினார். உள்ளே புதுப் பாதுகாப்புக் கண்ணாடிகள், தோல் கையுறைகள்.

"எல்லாரும் மாட்டிக்கங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க தொழில் பாக்க வாராங்க. போட்டோ எடுப்பாங்க."

"அங்கமுத்தண்ணன் கண்ணு போனப்ப இதெல்லாம் எங்க கெடந்துச்சாம்?" என்று வெல்டர் நந்தகுமார் முணுமுணுத்தான்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். கூடவே வந்த பயிற்சிக் கம்பெனிக்காரர்கள், பட்டறையை நிஜம்போலக் காட்டும் வி.ஆர். பெட்டியை அவர்கள் கண்களில் மாட்டிவிட்டார்கள். பிள்ளைகள் வெறுங்காற்றில் கையை அசைத்து வெல்டிங் வைத்தார்கள். கிருத்திகா என்ற மாணவி கழற்றிய பெட்டியைச் சரிதாவிடம் நீட்டினாள்.

"நீங்களும் பாருங்கக்கா. நெசப் பட்டறையாட்டவே இருக்குது."

உள்ளே வெளிச்சமும் காற்றோட்டமுமாக ஒரு பட்டறை தெரிந்தது. எதிரே கிரைண்டர். எடுத்து அழுத்தினாள். ஓடவில்லை. 'முதலில் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்' என்றது ஒரு குரல். மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே குரல்.

"கண்ணாடி போடாம அது ஓடாதுங்கக்கா," என்று கிருத்திகா சிரித்தாள்.

சரிதா பெட்டியைக் கழற்றினாள். அதைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது.

"ஏனுங்கக்கா, புடிக்கலீங்களா?"

"புடிச்சிருக்குது கண்ணு," என்றாள். பெட்டியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

பிள்ளைகளின் பஸ் கிளம்பியதும் தங்கசாமி காலி அட்டைப்பெட்டியை நடுவில் வைத்தார்.

"கழட்டிப் போடுங்க. வாடகைக்கு எடுத்தது, பொழுதோட திருப்பிக் குடுக்கோணும்."

இரண்டு பேர் கழற்றிப் போட்டார்கள். சரிதா அசையவில்லை.

"ஏனுங்க மொதலாளி, அந்தப் பொட்டிக்குள்ள கண்ணாடி போடாம மிசினே ஓடலீங்க."

"அது வெளையாட்டும்மா."

"வெளையாட்டுக் கண்ணுக்கே அத்தன காபந்துங்க. எங்களுது நெசக் கண்ணுங்க."

"இத்தன வருசம் இதில்லாம ஓட்டலயா? இஷ்டமில்லாட்டி ஊட்டுக்குப் போ. பீகார்ல இருந்து நாளைக்கே ஆளு எறக்கிருவேன்."

பின்னால் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ராம்பிரகாஷுக்கு அந்த அளவு தமிழ் புரியும். பீகாரிலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்து சரிதாவின் பக்கத்தில் நின்றான்.

"மொதலாளி, பீகார் ஆளுக்கும் கண்ணு இருக்கு."

நந்தகுமார் வெல்டிங் மிசினின் மெயின் சுவிட்சை அணைத்தான். கழற்றிய இருவரும் பெட்டிக்குள் கைவிட்டுத் தங்கள் கண்ணாடிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு எவனும் உள்ள வரக் கூடாது!" என்று கத்திவிட்டுத் தங்கசாமி செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பாதி முடிந்த லாரி எலும்புக்கூடாக நின்றது.

"நாளைக்கு என்னக்கா பண்றது?" என்றான் நந்தகுமார்.

"வாசல்லயே உக்காரலாம். அங்கமுத்தண்ணனையும் கூட்டியாரோணும். அதுக்கு முன்னால பக்கத்துப் பட்டறைங்கள்ல சொல்லோணும்."

ரோட்டுக்கு அந்தப்புறம், வேறொருவரின் பட்டறையில் ஒரு கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளைக் கழற்றாமலே அவர்கள் ரோட்டைக் கடந்து அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தார்கள்.