வீட்டுக்காரர்

"வீட்டு ஓனர் இனிமே கிளம்பலாம்னு டாக்டர் சொல்றாங்க" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதும், கட்டிலின் கால்மாட்டில் நின்ற டிரைவர் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"யாரும்மா ஓனரு?"

"நீங்கதானே?"

டிரைவர் துணிப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆறடி உயரம். அந்த உயரம் சட்டென்று இடைஞ்சலாகிவிட்டதுபோல் தோளைக் குறுக்கிக்கொண்டார். கட்டிலில் படுத்திருந்த தையல்காரருக்கு மதியம் இதய ஆபரேஷன். எழுபதைத் தொட்டவர், ஒடிசலான மனிதர். விரல்கள் போர்வையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தன. டாக்டரம்மா தொடர்ந்து சொல்ல, மொழிபெயர்ப்பாளர் தொடர்ந்து தமிழில் சொன்னாள். ஆபரேஷன் முடிந்ததும் உள்ளே வரக் குடும்பத்தாருக்கு மட்டும்தான் அனுமதி. நடுவில் ஏதாவது முடிவெடுக்க வேண்டி வந்தாலும் குடும்பத்தாரிடம்தான் கேட்பார்கள். கல்லூரியில் படிக்கும் தையல்காரரின் அக்காள் பேத்தி ஒருத்தி வந்துகொண்டிருக்கிறாள், அவள் போதும்.

"சரிம்மா. ஆகட்டும்" என்றார் டிரைவர். ஆனால் நகரவில்லை.

டாக்டரின் மொழி தெரியாத நோயாளிகளுக்காக இந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் அவள். சொன்னதைச் சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அழுகிறவர்களோடு அழக் கூடாது என்பதும் உண்டு. அதில் மட்டும் அவ்வப்போது தவறியிருக்கிறாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போக, அவளும் கூடவே போகத் திரும்பினாள். அப்போது முதுகுக்குப் பின்னால் தையல்காரரின் குரல் கேட்டது.

"ஏங்க, நீங்க காலைல எதாவது வயித்துக்குப் போட்டீங்களா இல்லையா?"

அவள் நின்றுவிட்டாள். அந்த 'ஏங்க' அவளுக்குத் தெரியும். கடைக்காரரைக் கூப்பிடும் 'ஏங்க'வில் அவசரம் இருக்கும். இதில் உரிமை இருந்தது, அதட்டல் இருந்தது, ஒரே ஆளை வருஷக்கணக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த ஒரு சலிப்பும் இருந்தது. அவளுடைய அம்மா அவளுடைய அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவாள்.

கோப்பைப் புரட்டினாள். முந்தின நாள் சேர்க்கும்போது வேறொரு மொழிபெயர்ப்பாளர் இருந்திருக்கிறார். அழைத்து வந்தது யார் என்ற கேள்விக்கு, வீட்டை வாடகைக்கு விடுபவர் என்று டாக்டரின் மொழியில் எழுதியிருந்தது. தையல்காரர் தமிழில் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்கு அங்கேயே விளங்கியது. 'எங்க வீட்டுக்காரர்.' தமிழில் ஒரே சொல். வாடகை வாங்குபவரும் அதுதான், புருஷனும் அதுதான். கேட்கிறவர் எதை எடுத்துக்கொள்கிறாரோ அது. அந்த ஒரு சொல்லின் நிழலில் இந்த இரண்டு பேரும் எத்தனை தெரு, எத்தனை அண்டை வீடு கடந்து வந்திருப்பார்கள்!

அவளுக்கும் சொற்களோடு பழைய கணக்கு உண்டு. சின்ன வயதில் தெருவில் ஒருவரைக் காட்டிப் பையன்கள் ஒரு எண்ணைச் சொல்லிச் சிரிப்பார்கள். அது வெறும் எண் இல்லை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நாள் ஆனது. அத்தைக்கு அந்த ஆள் 'ஒரு மாதிரி'. சித்தப்பாவுக்கு 'அந்த மாதிரி'. எந்த மாதிரி என்று கேட்டால் போய்ப் படி என்பார்கள். நாகரிகமானவர்கள் 'கல்யாணத்துல நாட்டமில்லாதவரு' என்றார்கள். டாக்டரின் மொழியைப் படித்தபோது அதிலும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லும் சொற்கள் இருப்பதைக் கண்டாள். அங்கே 'தனி வண்டியில் போகிறவர்' என்பார்கள். அவளோடு ஒரே வீட்டில் வாழ்கிற பெண்ணை அம்மா 'கூட வேலை பாக்குற பொண்ணு' என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பெண் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரிக்குள் அவள் காலெடுத்து வைத்ததே இல்லை.

கூட்டக் கூடாது, சரி. ஆனால் சொல் தெளிவாக இல்லையென்றால் சொன்னவரிடமே கேட்கலாம், அதற்கு அனுமதி உண்டு. டாக்டரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கட்டிலருகே வந்தாள்.

"ஐயா, நேத்து 'வீட்டுக்காரர்'னு சொல்லியிருக்கீங்க. டாக்டர் பாஷைல அதுக்கு ரெண்டு வார்த்தை. வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு ஒண்ணு, கட்டிக்கிட்டவருக்கு ஒண்ணு. நான் எதைச் சொல்லட்டும்?"

பக்கத்துக் கட்டிலில் கணவருக்குத் துணையாக இருந்த அம்மாள் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினார். அவரும் தமிழ்தான். டிரைவரும் அதைப் பார்த்துவிட்டார்.

"வாடகைன்னே இருக்கட்டும்மா" என்றார் அவசரமாக. "பேத்தி வருதில்ல. எதுக்கு வம்பு? நான் வெளில உக்காந்துக்கறேன்."

"நீங்க சும்மா இருங்க" என்றார் தையல்காரர். எழுந்து உட்கார முயன்றார், முடியவில்லை. டிரைவர் தானாகக் குனிந்து முதுகுக்குத் தலையணை கொடுத்தார். "வாழ்நாள் பூரா கேக்கறவங்க இஷ்டத்துக்கு விட்டாச்சு. இன்னிக்கு நெஞ்சைப் பொளக்கப் போறாங்க. உள்ள என்ன இருக்குன்னு டாக்டருக்குத் தெரிய வேணாமா?" அவள் பக்கம் திரும்பினார். "ரெண்டாவதச் சொல்லும்மா. நல்லா சத்தமா சொல்லு."

சொன்னாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ நோயின் பெயரை அந்த மொழியில் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல்லைச் சொன்னபோது தன் முதுகு நிமிர்வதைத் தானே உணர்ந்தாள். டாக்டரம்மா டிரைவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கோப்பில் ஒரு கோடு கிழித்து, மேலே எழுதினார். "மன்னிக்கணும். இவர்கிட்டதான் எல்லாம் கேட்போம்னு சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். வானம் இடியவில்லை.

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அம்மாள் இரண்டு சுளையை எடுத்து டிரைவரிடம் நீட்டினார். "புடிங்கண்ணே. காலைலேர்ந்து நின்னுட்டே இருக்கீங்க. அவரு உங்கள அதட்டற அதட்டலுக்கு, ஓனருன்னா என்னிக்கோ காலி பண்ணச் சொல்லியிருப்பீங்கன்னு எனக்குத் தோணிச்சு."

தையல்காரர் சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் ஓடி வந்தார்.

மதியம் உள்ளே கொண்டுபோனபின் தாழ்வாரத்தில் நீல நாற்காலிகளில் காத்திருந்தார்கள். பேத்தி வந்துவிட்டாள். நடந்ததைக் கேட்டதும் டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

"டிரைவர் தாத்தா, இப்ப இதுக்கெல்லாம் நல்ல வார்த்தை வந்தாச்சு. தன்பாலீர்ப்பாளர்னு சொல்லலாம். எங்க காலேஜ்ல க்வியர்னே சொல்லிக்கறோம்."

"மொதல்ல சொன்னது மருந்து சீட்டுல எழுதற மாதிரி இருக்கு. ரெண்டாவது வாயில நிக்க மாட்டேங்குது" என்றார் டிரைவர். கண் கதவிலேயே இருந்தது. "உங்களுக்காவது மத்தவங்க முன்னாடி சொல்ல வார்த்தை இருக்கு. சந்தோஷம்."

மொழிபெயர்ப்பாளருக்கு வேலை நேரம் முடிந்திருந்தது. போகாமல் உட்கார்ந்திருந்தாள். சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல் டிரைவர் அவளிடம் கேட்டார்.

"உனக்கு வீட்ல யாரும்மா காத்திருப்பாங்க?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. கூடத் தங்கியிருக்கிற ஃபிரண்டு. எத்தனை தடவை சொன்ன பதில்! வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பினாள்.

"என் வீட்டுக்காரி" என்றாள். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவ. என்னை விட நல்லா சமைப்பா."

டிரைவர் ஆச்சரியப்படவில்லை. மெல்லத் தலையாட்டினார். "எங்க நாள்ல, கூட்டத்துல நம்மள மாதிரி ஒருத்தரப் பாத்துட்டா 'அவரு நமக்குத் தூரத்துச் சொந்தம்'னு காதுல சொல்லுவோம். கேக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது." கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "அப்ப நீ நமக்குச் சொந்தம்."

'தூரத்து' என்பதை அவர் விட்டுவிட்டதை அவள் கவனித்தாள். வேலையில் ஒரு சொல்லைக்கூட விடக் கூடாது என்று பழகியவள். இதை அப்படியே விட்டுவிட்டாள்.

தாழ்வாரத்தின் கடைசியில் கதவு திறந்தது. பச்சை உடுப்பு நர்ஸ் ஒருவர் சீட்டைப் பார்த்து, தையல்காரரின் பேரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டு, அதோடு டாக்டர் கோப்பில் எழுதிய அந்தச் சொல்லையும் சேர்த்து உரக்கச் சொன்னார். நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸின் முகத்திலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"என்னையாம்மா கூப்பிடறாங்க?"

"ஆமாங்க. உங்களத்தான்."

டிரைவர் எழுந்தார். கசங்கிய சட்டையை இரண்டு கையாலும் நீவி விட்டுக்கொண்டார். துணிப்பையைப் பேத்தியிடம் கொடுத்தார். தன் உயரம் முழுவதும் நிமிர்ந்து நின்று, தாழ்வாரத்தின் நடுவில், அத்தனை பேரும் பார்க்க நடக்கத் தொடங்கினார். தனக்குத் தெரியாத மொழியில் தன்னைக் கூப்பிட்ட சொல்லை அவர் உதடுகள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தன. முதல் தடவை தப்பாக வந்தது. கதவை நெருங்கும்போது மறுபடியும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.